நாகமலை அடிவார ஓட்டம்: தூரம், தண்ணி, தட அடையாளம் பற்றி யோசனை வேணும்

கண்மாய்க்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாகமலை அடிவாரத்துல எங்க ஊர்ப் பெரியவங்க பல வருஷமா நடத்திட்டு வர்ற மலையோட்டத்தை இந்தத் தடவை எங்க வயசுப் பசங்க பொறுப்புல விட்டிருக்காங்க. சுமார் 250 பேர் ஓடுவாங்க. பாதி சுத்துப்பட்டு ஊர்க்காரங்க, பாதி மதுரை டவுனு, திண்டுக்கல், கோயம்புத்தூர்னு வெளியிலிருந்து வர்றவங்க. ஊர் மந்தையில கிளம்பி, கண்மாய்க்கரை, ஓடை, அடிவார வண்டித்தடம், ஒரு இடத்துல மட்டும் மலை முகட்டுக்கு ஏறி இறங்கித் திரும்ப மந்தை. இதுவரைக்கும் 10 கிலோமீட்டர்.

வெளியிலிருந்து வர்றவங்க 21 கிலோமீட்டர் வையுங்கன்னு கேக்குறாங்க. ரெண்டு தடவை முகடு ஏறினா 21 வந்துடும், மொத்த ஏத்தம் 600 மீட்டர் காட்டுது. வைக்கலாமா? அடுத்தது, தடத்துல கட்டுற பிளாஸ்டிக் ரிப்பனை ஆடு தின்னுடுது, பாதி ஆளு வழி மாறிப் போறாங்க. அதுக்கு என்ன வழி? தண்ணி எவ்வளவு வைக்கணும்? டவுன் ஆளுங்க கூடக்கூட ஊர்க்காரங்க வேடிக்கை மட்டும் பாக்குற மாதிரி ஆயிட்டு வருது, அதுதான் பெரியவங்களுக்கு மனசுக்குள்ள இருக்குற குறை. கடைசியா, ஓட்டத்தையே மேலூர்ப் பக்கம் இருக்குற அரிட்டாபட்டி மலைக்குக் கொண்டுபோகலாம்னு சிலர் சொல்றாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

வைகைத்தடம்:

தம்பி, 21 வேணாம். ஏன்னு கணக்கோட சொல்றேன்.

மலை நடைக்கு நேஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல சொன்ன கணக்கு இன்னைக்கும் உதவுது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்க 21 கிலோமீட்டருக்கு 4 மணி 12 நிமிஷம், ஏத்தத்துக்கு 1 மணி. மொத்தம் 5 மணி 12 நிமிஷம். இது நல்லா நடக்குறவர், நல்ல தடத்துல. முள்ளும் உருட்டுக் கல்லும் கிடக்குற இறக்கத்துல கடைசி ஆளு இன்னும் முக்கால் மணி கூட எடுப்பாரு. காலையில 6 மணிக்கு விட்டா பன்னிரண்டை ஒட்டி வந்து சேருவாரு. தை மாசமா இருந்தாலும் பத்து மணிக்கு மேல நாகமலைப் பாறை கொதிக்கும், முகட்டுல ஒரு நிழல் கிடையாது.

அதனால பின்னாலிருந்து கணக்குப் போடுங்க. கடைசி ஆளு 10 மணிக்குள்ள மந்தைக்கு வந்தாகணும். பிப்ரவரித் தொடக்கத்துல மதுரையில சூரியன் 6.40 வாக்கில எழும், 6.15-க்கே கால் வைக்கிற தடம் தெரியும். 6.15-க்கு விட்டா கையில இருக்குறது 3 மணி 45 நிமிஷம். ஒரே ஒரு ஏத்தம், 300 மீட்டர், 14 கிலோமீட்டர்னா நேஸ்மித் கணக்குல 3 மணி 18 நிமிஷம், தடம் மோசமா இருக்குறதுக்கு 27 நிமிஷம் மிச்சம். ஆக 14 தான் உங்க மலைக்குப் பொருந்துற பெரிய தூரம். 10-ஐ விட்டுடாதீங்க, அதுதான் ஊரோட ஓட்டம். தலைவிளக்கு கட்டாயம்னு சொல்லி 5 மணிக்கு விடுறதும் ஒரு வழிதான். ஆனா இருட்டுல உருட்டுக் கல்லு இறக்கம் வந்தா கணுக்கால் பிசகுறது நிச்சயம், விளக்கு இல்லாத உள்ளூர்ப் பிள்ளைங்களும் வெளியே நின்னுடுவாங்க.

இடைக் கெடுவும் வேணும். ஏத்தம் தொடங்குற இடத்துல ஒரு சாவடி போட்டு, 7.45-க்கு அப்புறம் வந்தவங்களை மேல விடாம அடிவாரத் தடத்துலயே திருப்பி விடுங்க. கெடுவை முன்னாடியே அறிவிச்சு, நம்பர் அட்டையிலயும் அச்சடிச்சுட்டா அங்க தகராறு வராது.

தேதி: ஐப்பசி, கார்த்திகை மழைக் காலம், பாறையில பாசி பிடிச்சு வழுக்கும், ஓடை எப்ப இறங்கும்னு சொல்ல முடியாது. பங்குனிக்கு மேல வெயில். மிச்சம் தையும் மாசியும்தான். அதுலயும் பொங்கல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதுக்கு மறுநாள் அலங்காநல்லூர்னு ஜல்லிக்கட்டு வரிசையா இருக்கும். அந்த வாரம் போலீஸும் ஆம்புலன்ஸும் உங்களுக்குக் கிடைக்காது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பழனிப் பாதயாத்திரைக்காரங்க ரோடெல்லாம் நடப்பாங்க, ரோட்டைக் கடக்குற இடம் உங்க தடத்துல இருந்தா அந்த வாரத்தையும் தவிருங்க.

---

முள்ளும்கல்லும்:

அடையாளம் பத்தி நான் சொல்றேன். ஆடு பின்னங்கால்ல நின்னு அஞ்சடி வரைக்கும் எட்டித் தின்னும். ஆறரை அடி உயரத்துல கட்டணும், பிளாஸ்டிக் ரிப்பனே வேணாம். தையல் கடையில மிச்சத் துணி கிலோக் கணக்குல வாங்கி, ரெண்டு விரல் அகலம், ஒரு முழ நீளத்துக்குக் கிழிச்சுக்கங்க. பச்சை, காவி ரெண்டும் காட்டோட கலந்துடும். சீமைக்கருவேலத்துக்கு நடுவுல பளிச்சுனு தெரியிறது நீலமும் அடர் ரோஸும். எப்பவும் ஓடுறவருக்கு வலது கைப் பக்கமே கட்டுங்க. அப்ப ஒருத்தர் எதிர்த் திசையில போயிட்டா துணி இடது பக்கம் வரும், தானே புரிஞ்சுடும்.

நேர்த் தடத்துல 100 மீட்டருக்கு ஒண்ணு போதும். பிரியுற இடம்தான் ஆளை ஏமாத்தும். பிரிவுக்கு முன்னாடி பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில மூணு துணி, பிரிவுல தரையில அம்புக்குறி, போகக்கூடாத தடத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு, சரியான தடத்துல 25 மீட்டர் தள்ளி இன்னொரு துணி. இந்தக் கடைசித் துணி இல்லாததாலதான் பெரும்பாலும் வழி மாறுது. சந்தேகத்தோட போனவரு 25 மீட்டர்ல துணியைப் பார்த்தா மேல ஓடுவாரு, இல்லேன்னா திரும்பிடுவாரு. நீளமான வெத்துத் தடம்தான் ஆபத்து.

அம்புக்குறிக்கு அரிசி மாவு போடாதீங்க, விடியுறதுக்குள்ள எறும்பு இழுத்துட்டுப் போயிடும். கல்லு மாவுக் கோலப்பொடி நிக்கும். 14 கிலோமீட்டருக்குப் பத்துக் கிலோ தாராளம். பனி இறங்குற ராத்திரியில லேசா ஈரமாகி ஒட்டிக்கும், அது நல்லதுதான். பெயிண்ட் மட்டும் எந்தப் பாறையிலயும் கூடாது. உங்க தடம் கீழக்குயில்குடிப் பக்கம் சமணர் மலையை ஒட்டிப் போனா அது மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்குற இடம். அங்க சமணச் சிற்பமும் வட்டெழுத்துக் கல்வெட்டும் இருக்கு. 1958 சட்டப்படி சேதப்படுத்துறது குற்றம். சட்டம் இல்லேன்னாலும் ஆயிரம் வருஷத்துக்கு மேல நிக்கிற எழுத்துக்குப் பக்கத்துல நாம அம்புக்குறி கிறுக்கக் கூடாது.

துணி கட்டுறதை முந்தின நாள் சாயந்திரம், ஆடு மாடு பட்டிக்குத் திரும்பினதுக்கு அப்புறம் செய்யுங்க. காலையில பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு பேர் விளக்கோட தடம் முழுக்க ஓடிப் பார்த்து, அவுந்ததைத் திரும்பக் கட்டணும். எடுக்குறது கடைசியில வர்ற ஆள் வேலை.

அந்தக் கடைசி ஆள் விஷயம் அடையாளத்தை விடப் பெருசு. கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னாடி ரெண்டு பேர் நடந்தே வரணும், முன்னாடி போகவே கூடாது. அவங்க கடந்து போற வரைக்கும் எந்தச் சாவடியும் கலையக் கூடாது. கிளம்புற இடத்துல எண்ணிக்கை எடுக்குறப்ப பதிவுப் பட்டியலை நம்பாதீங்க, பணம் கட்டிட்டு வராதவங்க இருப்பாங்க. கோட்டைத் தாண்டுற நம்பரை ரெண்டு பேர் தனித்தனியா எழுதி, அப்புறம் ஒத்துப் பாக்கணும். ஒவ்வொரு சாவடியிலயும் நம்பரும் நேரமும் நோட்டுல ஏறணும். பாதியில விலகுறவர் நம்பர் அட்டையைச் சாவடியில குடுத்துட்டுத்தான் போகணும். அதைச் செய்யாம ஒருத்தர் பைக்குல ஏறி வீட்டுக்குப் போயிட்டா, நீங்க சாயந்திரம் வரைக்கும் மலையில அவரைத் தேடிட்டு இருப்பீங்க.

முள்ளு: சீமைக்கருவேல முள்ளு சாதாரண ரோட்டு ஷூவோட மெத்துனு இருக்குற அடியில ஏறி நின்னுக்கும். முதல்ல தெரியாது, ரெண்டு கிலோமீட்டர் மிதிச்சதும் உள்ளங்காலுக்கு வரும். அடித்தட்டு கெட்டியா இருக்குற மலை ஷூ நல்லது, இல்லாதவங்க ஒவ்வொரு சாவடியிலயும் அடியைத் திருப்பிப் பாக்கணும். சாவடிக்கு ஒரு சின்ன இடுக்கி, ரெண்டு ஊக்கு வையுங்க. நெருஞ்சி காய்ஞ்சு கிடக்குற கரம்பையில குட்டை சாக்ஸ் உதவாது. முந்தின வாரம் தடத்துக்குக் குறுக்கே நீட்டிட்டு இருக்குற கிளையை மட்டும் கவாத்து பண்ணுங்க, வெட்டின முள்ளைத் தடத்துலயே போட்டுட்டு வந்துடாதீங்க.

---

திருமங்கலம்_செவிலி:

தண்ணிக் கணக்கு. ஒரு சாவடியில ஒரு ஆளுக்குக் குடிக்க கால் லிட்டர், தலையிலயும் கழுத்துலயும் ஊத்திக்க கால் லிட்டர். 250 பேருக்கு 125 லிட்டர், பின்னாடி வர்றவங்க வெயில்ல கூடக் கேப்பாங்க, அதனால 160 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் எட்டு. மூணு சாவடிக்கு 24 கேன், மந்தையில 12. முகட்டுக்குக் கேனைத் தூக்குறது ஆகாத வேலை. ஏத்தத்துக்குக் கீழ ஒரு சாவடி, இறங்குற இடத்துல ஒண்ணு வையுங்க. ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் கையில இல்லேன்னா மேல விடாதீங்க. பேப்பர் கப் வேணாம், பாட்டிலைப் பிடிச்சா நிரப்பிக் குடுக்கலாம்.

வெறும் தண்ணி மட்டும் வைக்கிறது பெரிய தப்பு. ஒரு லிட்டர் வேர்வையில சராசரியா அரை டீஸ்பூன் உப்பு போகுது. நீர்மோர் அதுக்கு நல்ல மருந்து: பத்து லிட்டருக்குக் கெட்டித் தயிர் 2 லிட்டர், தண்ணி 8 லிட்டர், கல்லுப்பு 30 கிராம், கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டது. பச்சை மிளகாய் வேணாம், ஓடுற வயித்துக்கு ஆகாது. ராத்திரியே கரைச்சு வைக்காதீங்க, எட்டு மணிக்குப் புளிச்சுடும். விடியக்காலை கரைச்சு மண்பானையில ஊத்துங்க. இளநீர் நல்லதுதான், ஆனா அதுல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. இளநீர் மட்டும் குடிச்சு உப்பை ஈடுகட்ட முடியாது. கூட ஒரு உப்புக் கடலையோ, உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டோ குடுங்க. பழத்துக்குச் சிறுமலை வாழை கிடைச்சா அருமை.

தாகத்துக்குக் குடிங்கன்னு சொல்லுங்க, கட்டாயப்படுத்திக் குடிக்க வைக்காதீங்க. மெதுவா ஓடுறவங்கதான் ஒவ்வொரு சாவடியிலயும் நின்னு நின்னு லிட்டர் கணக்குல குடிப்பாங்க. ரத்தத்துல சோடியம் இறங்கிடும். விரல் வீங்கி மோதிரம் இறுகும், தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல். அதைத் தண்ணி பத்தலைன்னு நினைச்சு இன்னும் தண்ணி குடுத்தா உயிருக்கே ஆபத்து. அப்படி வந்தா தண்ணியை நிறுத்திட்டு 108.

வெயில் அடிச்சு விழுந்தவர்கிட்ட முதல்ல பாக்க வேண்டியது பேச்சு. பேரு, ஊரு கேட்டா சரியாச் சொல்றாரா? உளறினா, தள்ளாடினா அது வெப்பத் தாக்கு. உடம்பு வேர்த்துட்டு இருக்கேன்னு விட்டுடாதீங்க, ஓட்டத்துல வர்ற வெப்பத் தாக்குல வேர்வை நிக்காது. முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. எட்டுக்குப் பத்தடி தார்ப்பாய் ஒண்ணை விரிச்சு ஆளைப் படுக்க வைச்சு, ஆறு பேர் நாலு பக்கமும் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கணும். தலை மட்டும் மேல இருக்கட்டும். உள்ள 60, 70 லிட்டர் தண்ணியை ஊத்தி ஐஸைக் கொட்டி, விடாம அலசிட்டே இருக்கணும். பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல நடுக்கம் வரும், பேச்சு தெளியும். அப்ப எடுத்துடுங்க. இதுக்காக 50 கிலோ ஐஸ் உடைச்சு, உமி போட்டுச் சாக்குல கட்டி மந்தையில வையுங்க. இந்த ஐஸ் ஜூஸுக்குப் போகக் கூடாது, ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்துங்க.

பாம்பு: பாறை இடுக்கும் முள்காடும் சுருட்டைவிரியனுக்குப் பிடிச்ச இடம். உக்காருற இடத்தையும் கை வைக்கிற இடத்தையும் பார்க்கச் சொல்லுங்க. கடிச்சா கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால உறிஞ்சக் கூடாது. மோதிரம், கொலுசு, ஷூவைக் கழட்டிட்டு, கடிபட்ட காலை மட்டையோட சேர்த்து அசையாமக் கட்டி, நடக்க விடாம தூக்கிட்டு வரணும். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியிலதான் போடணும். அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு எந்த வழியில போனா சீக்கிரம்னு டிரைவருக்கு முந்தின நாளே காட்டிடுங்க.

---

மேலூர்நாடு:

அரிட்டாபட்டி வேண்டாம். அது நல்ல மலை இல்லேன்னு சொல்லலை, அது ஓட்டத்துக்கான இடம் இல்லை. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேரை 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சிருக்காங்க. லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் அங்க பாறையிலதான் கூடு வைக்குது, நீங்க ஓட நினைக்கிற தையும் மாசியும் அதுகளுக்குக் குஞ்சு பொரிக்கிற காலம். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம்னு அந்தச் சனம் திரண்டு நின்னு, 2025 ஜனவரியில மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணிச்சு. காப்பாத்தின மலையை அமைதியா விடுவோம். போய்ப் பாருங்க, நடங்க, 250 பேரைக் கூட்டிட்டுப் போகாதீங்க.

ஊர் ஒட்டணும்னா தேதி குறிக்கிறதுலயே ஊர் இருக்கணும். நோட்டீஸ் அடிச்சுட்டுப் பெரியவங்ககிட்டப் போறது தலைகீழ். எந்த அம்மனுக்கு எப்பக் காப்புக் கட்டுறாங்கன்னு முதல்ல கேளுங்க. காப்புக் கட்டிட்டா ஊர்க்காரங்க வெளியூர் தங்க மாட்டாங்க, வெளியாளுங்க ஊருக்குள்ள ராத்தங்கவும் பல ஊர்கள்ல கூடாது. தடம் அய்யனார் கோயில்காட்டுக்குள்ள போகுதான்னு பாருங்க. செருப்போட போகாத இடத்துல 250 ஜோடி ஷூ ஓடினா ஒரே வருஷத்துல மரியாதை போயிடும். சுத்திப் போறதுக்கு 300 மீட்டர் கூட ஆனாலும் சுத்திப் போங்க.

சாவடிக்கு டவுன்லேர்ந்து ஆள் கூட்டிட்டு வராதீங்க. ஆடு மேய்க்கிறவங்களுக்குத் தெரியாத தடம் மலையில கிடையாது, எங்க மலைத்தேனீ ராட்டு (தேன்கூடு) தொங்குது, எந்தப் பாறை உருளும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அன்னைக்கு மேய்ச்சல் போயிடுதுல்ல, அதுக்குரிய கூலியைக் குடுத்துடணும், துண்டு போர்த்துறதோட நிறுத்தக் கூடாது. சாப்பாட்டை மகளிர் குழுவுக்குக் குடுங்க, அரைப் பங்கு பணம் முன்னாலயே. கம்பங்கூழும் இட்லியும் சாம்பாரும் போதும், கேட்டரிங் வேண்டாம். உள்ளூர்க்காரங்களுக்குக் கட்டணம் கிடையாது. வரவு செலவை ஒரு வாரத்துக்குள்ள பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில ஒட்டிடுங்க, மிச்சப் பணம் எதுக்குன்னு ஊர்க் கூட்டம் சொல்லட்டும். பணத்துல மறைப்பு இருந்தா மூணாவது வருஷம் ஒரு பயலும் வரமாட்டான்.

கலிஃபோர்னியாவுல டிப்சீன்னு ஒரு மலையோட்டம் 1905-லேர்ந்து நடக்குது, 12 கிலோமீட்டருக்குள்ளதான். அங்க சின்னப் பிள்ளைகளையும் பெண்களையும் வயசானவங்களையும் முன்னாடி விடுவாங்க, இளவட்டம் கடைசியாக் கிளம்பும். யார் முதல்ல கோட்டைத் தொடுறாங்களோ அவங்கதான் ஜெயிச்சது. எட்டு ஒன்பது வயசுப் பிள்ளைகளும் எழுபதைத் தொட்டவங்களும் ஜெயிச்சிருக்காங்க. உங்க 10 கிலோமீட்டருக்கு இதை வையுங்க. அறுபது வயசு அப்பத்தா முன்னால ஓடி வர்றாங்கன்னா மந்தையில ஒருத்தரும் வீட்டுக்குள்ள இருக்க மாட்டாங்க.

அனுமதிக்குத் தனித்தனிக் கடிதம்: காப்புக்காட்டுல (வனத்துறை பாதுகாக்குற காடு) ஒரு அடி வைச்சாலும் மாவட்ட வன அலுவலர், கண்மாய்க்கரைக்கு நீர்வளத்துறை, உங்க எல்லை மாநகரமா ஊரகமான்னு பார்த்துக் காவல்துறை, பிறகு பஞ்சாயத்து. ரெண்டு மாசம் முன்னாடி குடுங்க. வனத்துறைக்குத் தடத்தோட ஜிபிஎக்ஸ் கோப்பையும் (ஜிபிஎஸ்ல பதிஞ்ச தட வரைபடம்), எத்தனை ஆளு, எத்தனை மணிக்கு வெளிய வருவோம்னு ஒரு பக்கமும் சேர்த்துக் குடுத்தா வேலை வேகமா நகரும்.

---

கண்மாய்க்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 14-ம் 10-ம்னு முடிவு பண்ணிட்டோம். மேலூர்நாடு அண்ணே, முன்னாடி விடுறதுக்கு நிமிஷத்தை எப்படிக் கணக்குப் போடுறது? செவிலி அக்கா, முகட்டுக்குக் கீழ ஒரு பாறையில மலைத்தேனீ ராட்டு இருக்கு, அதை முன்னாடியே கலைச்சு விட்டுடலாமா?

---

மேலூர்நாடு:

பழைய முடிவுப் பட்டியல் இருக்குமே தம்பி, அதுலேர்ந்து எடுங்க. ஒவ்வொரு பிரிவுலயும் முதல் மூணு பேரோட நேரத்தைக் கூட்டி மூணால வகுங்க. எடுத்துக்காட்டா இளவட்ட ஆண்களுக்கு 50 நிமிஷம், நாப்பதைத் தாண்டின பெண்களுக்கு 68 நிமிஷம்னு வந்தா, அவங்களுக்கு 18 நிமிஷம் முன்கூட்டி. முழு நிமிஷமா வையுங்க, அரை நிமிஷம் வேண்டாம், கிளம்புற இடத்துல குழப்பம். வருஷா வருஷம் அந்த வருஷ நேரத்தை வைச்சுத் திருத்திக்கலாம். பன்னிரண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளை மலைக்கு விடாதீங்க, அவங்களுக்குக் கண்மாயைச் சுத்தி 2 கிலோமீட்டர் போதும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு: வேகமான ஆளுங்க பூரா பின்னாடியிலிருந்து முந்திட்டே வருவாங்க. ஒத்தையடித் தடத்துல அது ஆபத்து. முதல் மூணு கிலோமீட்டர் கண்மாய்க்கரையும் வண்டித்தடமுமா அகலமா வருதுல்ல, பெரும்பாலும் அங்கயே முந்துற மாதிரி நிமிஷத்தை அமையுங்க. இறக்கத்துல முந்தக் கூடாதுன்னு கண்டிப்பா வையுங்க, மீறினா மூணு நிமிஷம் கூட்டுங்க. அங்க ஒரு மேய்ப்பர் நின்னா போதும்.

---

திருமங்கலம்_செவிலி:

கலைக்கவே கலைக்காதீங்க தம்பி. கலைஞ்ச ராட்டு நாலைஞ்சு நாளைக்கு வெறியோட அங்கயே சுத்தும், பக்கத்துல போற எல்லாரையும் விரட்டும். தடத்தை நகத்துங்க, கண்ணுக்கு எட்டுற தூரத்துல ராட்டு இருக்கக் கூடாது, குறைஞ்சது 200 மீட்டர். அந்தப் பக்கம் ட்ரோன் பறக்கக் கூடாது, மைக் செட்டும் சரவெடியும் மந்தையோட நிக்கட்டும், சாவடியில அடுப்பு மூட்டிப் புகை போடக் கூடாது. முந்தின நாள் மதியம் ஒரு ஆள் போய்ப் புது ராட்டு எதுவும் வந்திருக்கான்னு தடம் முழுக்கப் பாக்கணும், அதுக இடம் மாத்திட்டே இருக்கும்.

தேனீ கிளம்பிடுச்சுன்னா படுக்கவும் கூடாது, கையை வீசவும் கூடாது. பனியனைத் தூக்கி மூஞ்சியை மூடிக்கிட்டு நிக்காம ஓடணும். ஓடைத் தண்ணிக்குள்ள குதிச்சா மேல வர்ற வரைக்கும் காத்துட்டு நிக்கும். கொடுக்கை நகத்தால சீவி உடனே எடுங்க, எப்படி எடுக்குறோங்கிறதை விட எவ்வளவு சீக்கிரம்ங்கிறதுதான் முக்கியம். உடம்பு பூரா தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு வந்தா அட்ரினலின் ஊசி போடணும், அதனால ஏத்தத்துக்குக் கீழ இருக்குற சாவடியில ஒரு டாக்டர் இருக்கணும். மந்தையில ஒருத்தர் மட்டும் இருந்தா ஏறி வர முக்கால் மணி ஆகும். பதிவுப் படிவத்துலயே தேனீ ஒவ்வாமை இருக்கான்னு ஒரு வரி கேட்டு, இருக்குறவங்க நம்பர் அட்டையில சிவப்புக் கோடு போட்டு வைங்க.